எதிர்பாராத செலவுக்கும் ஒரு பாத்தி



இந்த இதழில் வழக்கமாக மண்புழு உரம், மீன் அமிலம், பாரம்பரிய நெல் என்று படிப்பீர்கள். இந்த முறை நான் வீட்டுக் கணக்கைப் பற்றி எழுதுகிறேன். இதுக்கும் இயற்கை விவசாயத்துக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீங்க. சம்பந்தம் இருக்கு. எனக்குத் தெரிந்து எங்கள் பக்கத்தில் இயற்கை விவசாயத்தை விட்டவர்களில் பூச்சிக்குப் பயந்து விட்டவர்கள் குறைவு. ஆஸ்பத்திரி செலவால் விட்டவர்கள்தான் அதிகம்.

எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடிக்குப் பக்கம். என் கொல்லைக்கு அடுத்த கொல்லைக்காரத் தம்பி நாலு வருஷம் ஒரு மூட்டை யூரியா வாங்காமல் விவசாயம் பண்ணினவர். மூணு ஏக்கர், இரண்டு நாட்டு மாடு. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அவருடைய அப்பா களத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ராத்திரியோடு ராத்திரியாகத் தனியார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மருந்து, வாடகை வண்டி, கூட இருந்தவர் சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்துக்கு மேல் போய்விட்டது. இரண்டு மாட்டையும் அவசரத்துக்கு வந்த விலைக்கு விற்றார். மீதிக்கு அஞ்சு வட்டிக்கு 40,000 ரூபாய் வாங்கினார்.

அடுத்த பட்டத்துக்கு ஒரு ஏக்கருக்கு ஜீவாமிர்தம் போட 10 கிலோ சாணம், 10 லிட்டர் கோமியம் வேண்டும். மாடு இல்லை. விலைக்கு எரு வாங்கக் கையில் காசும் இல்லை. உரக்கடையில் கடனுக்கு டி.ஏ.பி. கொடுத்தார்கள், வாங்கிப் போட்டார். அந்த மாதம் எங்கள் கூட்டத்துக்கு அவர் வரவில்லை. நான் போய்க் கேட்டபோது, "எந்த முகத்தோட வரச் சொல்றீங்கண்ணே?" என்றார். நாலு வருஷம் சேர்த்த மண் ஒரே ராத்திரியில் கை மாறிப் போன மாதிரி இருந்தது எனக்கு.

இதில் எனக்கு அதிக வருத்தம் தந்தது என்ன தெரியுமா? அந்தக் குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை எடுக்கத் தகுதி இருந்தது. எடுக்கவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் வேலை பார்த்தவன் பக்கத்துக் கொல்லையில் இருந்தும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் செய்த தவறு

வங்கியில் நான் கிளை மேலாளராக இருந்தபோது ஒரு பெரியவர் பயிர்க் கடன் வாங்கி, அதில் பாதியை மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கட்டிவிட்டார். நான் ஆய்வுக்குப் போய்ப் பார்த்து, "கடன் வாங்கிய நோக்கத்துக்குப் பயன்படுத்தப்படவில்லை" என்று எழுதினேன். அவரிடம் கொஞ்சம் கடுமையாகவும் பேசினேன். அவர், "சார், வீட்டுக்கு ஒரு பை, வயலுக்கு ஒரு பைன்னு எங்கிட்ட ரெண்டு பை இல்ல சார்" என்றார். அன்றைக்கு அது எனக்குச் சாக்காகத்தான் பட்டது.

ஓய்வு பெற்று விவசாயத்துக்கு வந்த பிறகுதான் அவர் சொன்னது புரிந்தது. மாதம் ஒன்றாம் தேதி சம்பளம் வாங்கினவனுக்கு எல்லாச் செலவும் அந்தத் தேதியில் இருந்து தொடங்கும். விவசாயிக்கு வரவு வருஷத்தில் மூணு நாலு தடவை, செலவோ எல்லா நாளும். அரசும் இதைப் பிறகு ஒப்புக்கொண்டிருக்கு. 2012-இல் திருத்திய கிசான் கிரெடிட் கார்டு விதிப்படி, பயிர்ச் செலவுக்கு எவ்வளவு கடன் என்று கணக்குப் போட்ட பிறகு, அறுவடைக்குப் பிந்தைய செலவுக்கும் வீட்டுச் செலவுக்கும் என்று 10 சதவீதம் சேர்த்துத்தான் வரம்பு போட வேண்டும். பண்ணைக் கருவிகளின் பராமரிப்புக்கு என்று இன்னும் 20 சதவீதம். மோட்டார் பழுது எல்லாம் இதில்தான் வரும். கார்டு வைத்திருக்கிற பலருக்கு இது தெரியாது. அடுத்த முறை வரம்பு புதுப்பிக்கும்போது கேளுங்கள்.

'எதிர்பாராதது' என்பது எவ்வளவு?

திடீர்ச் செலவு வந்துட்டுதுன்னு எல்லாரும் சொல்றோம். ஒருநாள் உட்கார்ந்து என் வீட்டில் மூணு வருஷத்தில் வந்த 'திடீர்ச் செலவு' எல்லாவற்றையும் எழுதிக் கூட்டினேன்.

மோட்டார் காயில் கட்டியது, போர் பழுது: 23,400 ரூபாய்.
மருத்துவம்: 41,200 ரூபாய்.
மொய், சீர், துக்கச் செலவு: 57,600 ரூபாய்.
இருசக்கர வண்டி பழுது: 8,900 ரூபாய்.
மழைக்கு ஒழுகிய ஓடு மாற்றியது: 15,200 ரூபாய்.

மொத்தம் 1,46,300 ரூபாய். 36 மாதத்துக்கு வகுத்தால் மாதம் 4,064 ரூபாய். அதாவது மளிகைச் செலவு மாதிரி இதுவும் மாதாமாதம் இருந்திருக்கு. நமக்குத் தேதி தெரியாது, அவ்வளவுதான். தேதி தெரியாததால் கணக்கிலேயே எழுதாமல் விட்டுவிடுகிறோம். உங்கள் வீட்டுத் தொகை வேறாக இருக்கும். மூணு வருஷம் ஞாபகம் இல்லை என்றால் ஒரு வருஷத்தை எழுதுங்கள். வீட்டில் இருக்கிற பெண்களைக் கூட உட்கார வைத்து எழுதுங்கள். நான் தனியாக எழுதியபோது 90,000-த்தைத் தாண்டவில்லை. மீதியை எல்லாம் என் வீட்டம்மாதான் ஞாபகப்படுத்தினாங்க.

எழுதிப் பார்த்தால் இந்தச் செலவுகள் மூணு வகையாகப் பிரியும். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. ஒரே மருந்தை எல்லாத்துக்கும் அடிக்கிறதாலதான் சிக்கல்.

முதல் வகை: தேதி தெரிந்த செலவு

பள்ளி, கல்லூரிக் கட்டணம், தீபாவளி, பொங்கல், கோவில் வரி, மொய். இவை திடீர்ச் செலவே கிடையாது. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும் என்பது ஜனவரியிலேயே தெரியும்.

எங்கள் பக்கத்தில் இதில் பெரிய தலைவலி மொய். ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு, பேராவூரணிப் பக்கம் ஆடி மாதம் மொய் விருந்து களைகட்டும். வெளியூர்க்காரர்கள் இதைச் சாப்பாட்டுத் திருவிழா என்று நினைக்கிறார்கள். உண்மையில் இது வட்டியில்லாத கடன் ஏற்பாடு. ஒருத்தர் விருந்து வைக்கிறபோது ஊரே மொய் போட்டுத் தூக்கிவிடும். வாங்கியதை அவர் திருப்பிச் செய்ய வேண்டும், கொஞ்சம் கூட்டியும் செய்ய வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் 'வந்த மொய்'யை எழுதி வைக்கிற நோட்டில் 'செய்ய வேண்டிய மொய்'யை ஆண்டுவாரியாக யாரும் எழுதுவதில்லை. வாங்கிய மொய்யை வருமானம் என்று நினைத்து வீடு கட்டிவிட்டு, பிறகு ஆடியில் வரிசையாகப் பத்திரிகை வரும்போது நகையை அடகு வைக்கிறோம்.

நான் இப்போது சித்திரையில் கடலை விற்றதும், அந்த ஆடிக்கு யார் யாருக்கு எவ்வளவு என்று பட்டியல் போட்டு அந்தத் தொகையைத் தனியாக எடுத்துவிடுகிறேன். பட்டியல் கையில் இருந்தால் தேதியும் தொகையும் கண்ணுக்கு முன்னால் இருக்கும்.

இரண்டாம் வகை: வரும், ஆனால் எப்போது என்று தெரியாது

மோட்டார் எரிவது, காய்ச்சல், பல்வலி, வண்டி பழுது, மாட்டுக்கு நோய். தொகை சில ஆயிரங்களில் இருக்கும். இதற்குக் கையில் ரொக்கம் வேண்டும். இதுக்குப் போய்க் கடன் வாங்கினோம்னா அந்தச் சின்னக் கடன்தான் பெரிய கடனுக்குக் கதவைத் திறக்கும்.

மாதம் இவ்வளவு சேமி என்று வங்கியில் நாங்கள் சொல்வோம். அது சம்பளக்காரர் கணக்கு. விவசாயிக்கு நான் சொல்வது இதுதான்: விளைச்சல் விற்ற காசு வீட்டு வாசலைத் தாண்டுவதற்கு முன்னால் பத்தில் ஒரு பங்கை எடுத்துவிடுங்கள். விதைநெல் எடுத்து வைத்த பிறகுதானே மிச்சத்தை அவிக்கிறோம். அதே பழக்கம்தான். 50,000 வந்தால் 5,000. முடியவில்லை என்றால் 2,000. எவ்வளவு என்பதை விட, முதலில் எடுப்பதுதான் முக்கியம்.

எங்கே வைப்பது? வீட்டுச் செலவுக்கு இருக்கிற கணக்கில் வைக்காதீர்கள். வீட்டம்மா பேரில் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு, அதற்கு ஏ.டி.எம். கார்டு வேண்டாம். காசு எடுக்க ஒரு நடை போக வேண்டியிருந்தால் பாதி அவசரம் தானாகக் குறைந்துவிடும். அஞ்சலகத் தொடர் வைப்பில் மாதம் 100 ரூபாயில் இருந்தே போடலாம், அஞ்சு வருஷத் திட்டம். பூ, முருங்கை, முட்டை விற்கிற வாரக் காசு இருக்கிறவர்களுக்கு அது தோதாக இருக்கும்.

இன்னொரு சேமிப்பு நம் கொல்லையிலேயே நிற்கிறது. கோழி, ஆடு, வரப்போரத்துச் சவுக்கு, பலா. கலப்புப் பயிர், கலப்புப் பண்ணை என்று நம் இயக்கம் சொல்வதற்கு மண் மட்டும் காரணம் இல்லை, இதுவும் காரணம். ஆனால் விற்பதற்கு ஒரு வரிசை வேண்டும். முதலில் கோழி. பிறகு கிடாக்குட்டி. பிறகு மரம். மாட்டில் கை வைக்காதீர்கள். ஆடு சேமிப்பு, மாடு முதல். முதலை விற்றுச் செலவு பண்ணினால் அடுத்த வருஷ வரவும் சேர்ந்து போய்விடும். என் பக்கத்துக் கொல்லைத் தம்பிக்கு நடந்தது அதுதான். விதைநெல்லும் அப்படித்தான்.

இங்கே என் வீட்டுக் கதை ஒன்று. போன புரட்டாசியில் நாற்று நிற்கிற நேரத்தில் மோட்டார் எரிந்துவிட்டது. என் கணக்கில் அப்போது காசு இல்லை. நான் போனில் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருந்தபோது வீட்டம்மா உளுந்து டப்பாவைக் கவிழ்த்து 11,000 ரூபாயை எண்ணி வைத்தாங்க. "பேங்க்ல கோடிக்கணக்குல கணக்குப் பாத்தீங்க, நம்ம வீட்டு டப்பால எவ்வளவு இருக்குன்னு தெரியாது உங்களுக்கு" என்றாங்க. அந்தக் காசு எங்கேயிருந்து வந்தது என்று கேட்டால், ரெண்டு வருஷத்து முட்டைக் காசு. என் பத்தில் ஒரு பங்கு விதியே அதற்குப் பிறகு வந்ததுதான்.

மூன்றாம் வகை: எப்போதாவது வரும், வந்தால் புரட்டிப் போடும்

அறுவைச் சிகிச்சை, விபத்து, குடும்பத் தலைவர் இறப்பது, புயல். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா வந்தபோது எங்கள் பக்கத்தில் ஒரே ராத்திரியில் தென்னந்தோப்புகள் படுத்துவிட்டன. இந்த மாதிரி இழப்பை எந்த உளுந்து டப்பாவும் தாங்காது. இதற்குக் காப்பீடுதான் வழி.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிற குடும்பங்கள் சேரலாம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. நாம் பிரீமியம் கட்ட வேண்டியதில்லை. வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் இருக்கிற காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போக வேண்டும். குடும்ப அட்டையில் எல்லோர் பேரும் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். புதிதாக வந்த மருமகள், பிறந்த பிள்ளை பேர் விட்டுப்போயிருக்கும்.

அடுத்தது வங்கிக் கணக்கு வழியாகப் போடுகிற இரண்டு காப்பீடு. விபத்துக் காப்பீடு (பிரதமர் சுரக்ஷா பீமா) ஆண்டுக்கு 20 ரூபாய். 18 முதல் 70 வயது வரை. விபத்தில் இறந்தால் 2 லட்சம். ஆயுள் காப்பீடு (பிரதமர் ஜீவன் ஜோதி பீமா) ஆண்டுக்கு 436 ரூபாய். 18 முதல் 50 வயதுக்குள் சேரலாம். எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம். இரண்டும் சேர்த்து 456 ரூபாய். மே மாதக் கடைசியில் கணக்கில் இருந்து தானாகப் பிடிப்பார்கள். அன்றைக்குக் கணக்கில் 300 ரூபாய்தான் இருந்தது என்றால் 436 ரூபாய்க் காப்பீடு அதோடு நின்றுவிடும். மே 20-ஆம் தேதிக்கு ஒரு குறி போட்டு வையுங்கள்.

வங்கியில் நான் பார்த்த ஒரு கொடுமையைச் சொல்கிறேன். இறந்தவருக்குக் காப்பீடு இருக்கும். குடும்பத்துக்குத் தெரியாது. பல மாதம் கழித்து வேறு வேலையாக வந்த மனைவியின் பாஸ்புக்கைப் பார்த்து நாங்கள் கண்டுபிடித்ததும் உண்டு. எந்தக் கணக்கு, எந்தக் காப்பீடு, யார் வாரிசு என்று ஒரு தாளில் எழுதி, பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள். எங்கே ஒட்டியிருக்கிறது என்று பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.

கடன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால்

கடனே வாங்காதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். எங்கே வாங்குவது என்ற வரிசையை முன்கூட்டியே முடிவு பண்ணுங்கள் என்கிறேன்.

முதலில் மகளிர் குழுவின் உள்கடன். வட்டி குழுவுக்குள்ளேயே சுற்றும். அடுத்து கிசான் கார்டு. 3 லட்சம் வரை 7 சதவீதம்; கெடுவுக்குள் கட்டினால் 3 சதவீதம் சலுகை போக 4 சதவீதம்தான். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க் கடனைக் கெடுவுக்குள் கட்டினால் வட்டியே இல்லை. 2025 ஜனவரி முதல் 2 லட்சம் வரையிலான விவசாயக் கடனுக்கு வங்கிகள் சொத்து அடமானம் கேட்கக் கூடாது என்பதும் ரிசர்வ் வங்கியின் உத்தரவு. அதற்கும் அடுத்துதான் வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ நகைக் கடன்.

வெளிக்கடனில் ஒரு கண்கட்டு இருக்கு. வங்கி 10 வட்டி என்றால் அது வருஷத்துக்கு. ஊரில் 3 வட்டி என்றால் அது மாதத்துக்கு, வருஷத்துக்கு 36. காதில் விழும்போது 3 சின்னதாகத்தான் இருக்கும். 50,000 ரூபாயைப் பத்து மாதத்துக்கு வாங்கினால் வட்டி மட்டும் எவ்வளவு என்று பாருங்கள். கிசான் கார்டில் 4 சதவீதம் என்றால் 1,667 ரூபாய். 10 சதவீத நகைக் கடனில் 4,167 ரூபாய். மூணு வட்டியில் 15,000 ரூபாய். அஞ்சு வட்டியில் 25,000 ரூபாய்.

தண்டல் இன்னும் மோசம். 10,000 என்று பேசி 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கொடுப்பார்கள். தினம் 100 ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். 1,500 தானே வட்டி என்று தோன்றும். ஆனால் முதல் நாளில் இருந்தே அசலும் சேர்த்துக் கட்டுகிறோம், முழுத் தொகை நம் கையில் நூறு நாளும் இருப்பதில்லை. கணக்குப் போட்டால் ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 120 சதவீதம் வருகிறது. கந்து வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கு. ஆனால் ராத்திரி ஒரு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறவனுக்குச் சட்டம் ஞாபகம் வராது. அதனால்தான் பகலிலேயே யோசித்து வைக்கச் சொல்கிறேன்.

அந்த ராத்திரிக்கு

எங்கள் குழுவில் எல்லோரும் ஒரு சின்ன ஒப்பந்தம் வைத்திருக்கிறோம். உயிருக்கு ஆபத்து என்றால் முதலில் 108. போகிற இடத்தில் காப்பீட்டு அட்டை செல்லுமா என்று சேர்ப்பதற்கு முன்னாலேயே கேட்பது. எங்களுக்குப் புதுக்கோட்டையிலும் தஞ்சாவூரிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கு, அவற்றை மறக்காமல் இருப்பது. ஒருநாள் முழுசாகக் கழிகிற வரை எதையும் விற்பதில்லை, வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போடுவதில்லை. அதற்குள் குழுவில் இரண்டு பேருக்காவது போன் பண்ணுவது.

போன் பண்ணினால் போதுமா, காசு? அதற்கும் ஏற்பாடு பண்ணினோம். பதினாலு குடும்பம், மாதம் 200 ரூபாய். பதினெட்டு மாதத்தில் 50,400 சேர்ந்தது. மருத்துவத்துக்கும் பம்பு செட்டுக்கும் மட்டும்தான் கொடுப்போம். மூணு மாதம் வட்டி கிடையாது. அதற்கு மேல் போனால் நூற்றுக்கு 50 காசு. கணக்கு நோட்டு கூட்டத்தில் எல்லோர் கைக்கும் போய்த்தான் மூடப்படும். இதுவரை ஆறு பேர் வாங்கினார்கள், நாலு பேர் முழுசாகக் கட்டிவிட்டார்கள், ரெண்டு பேர் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

பக்கத்துக் கொல்லைத் தம்பி என்ன ஆனார் என்று கேட்பீர்கள். அஞ்சு வட்டிக் கடனை நகைக் கடனுக்கு மாற்றி எடுத்துவிட்டோம். இன்னும் பாக்கி இருக்கு. குழுவில் ஒருத்தர் தன் கிடேரியை வாரத்துக்கு அவரிடம் விட்டிருக்கிறார். முதல் கன்று மாட்டுக்காரருக்கு, அடுத்த கன்று வளர்க்கிறவருக்கு, சாணமும் கோமியமும் எப்போதும் வளர்க்கிறவருக்கு. மூணு ஏக்கரில் அரை ஏக்கர் இப்போது மறுபடி இயற்கைக்கு வந்திருக்கிறது. "மீதியும் வரும்ணே, ஆனா அவசரப்படுத்தாதீங்க" என்கிறார். அவசரப்படுத்தவில்லை. அவர் அப்பாவுக்குக் காப்பீட்டு அட்டை எடுத்தாகிவிட்டது.

நாற்றங்காலில் இரண்டு பாத்தி உபரியாக விடுகிறோம் அல்லவா, வழி நடுவுக்கு ஆகும் என்று? வீட்டுக் கணக்கிலும் அப்படி ஒரு பாத்தி விடுங்கள். இன்றைக்கு ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் எல்லோரும் உட்கார்ந்து போன ஒரு வருஷத்துத் 'திடீர்ச் செலவை' எழுதிக் கூட்டுங்கள். தொகையைப் பார்த்துப் பயப்படாதீர்கள். அதைப் பன்னிரண்டால் வகுத்தால் வருவதுதான் நீங்கள் மாதாமாதம் எதிர்பார்க்க வேண்டிய எதிர்பாராத செலவு.